சுங்கச்சாலை அறிக்கையைக் குறுக்குவாக்கில் படியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். ஊருக்கும் ஏரிக்கும் நடுவே புதிய சுங்கச்சாலைக்காகக் கல் நட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் மாவட்டத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். பஞ்சாயத்து அலுவலகத்தில் சுற்றுச்சூழல், சமூகத் தாக்க மதிப்பீடு என்று தலையணை தடிமனுக்கு ஓர் அறிக்கை வைத்திருக்கிறார்கள். அதில் எதைப் பார்ப்பது, பார்த்து என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. இப்படிப்பட்ட அறிக்கைகளுக்குக் களத் தகவல் சேகரிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். சில அறிக்கைகளில் என் கைவண்ணமும் உண்டு, ஆகவே அவற்றைக் குறை சொல்லும் உரிமையும் எனக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சாலையை அளப்பவர்கள் எப்போதும் நீளவாக்கில் அளக்கிறார்கள். இத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனையாவது கிலோமீட்டர் வரை என்றுதான் அட்டவணை போகும். சாலையால் வரும் பாதிப்போ குறுக்குவாக்கில் விழுகிறது. தண்ணீர் குறுக்கே போக வேண்டும், மாடு குறுக்கே போக வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே போக வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அறிக்கையின் முக்கால்வாசிப் பக்கங்களை நீங்கள் தாண்டிவிடலாம்.

முதலில் நடைமுறை. 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இதற்கு அடிப்படை. புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் அது 'அ' பிரிவு, அனுமதி தருவது டெல்லியில் உள்ள ஒன்றிய அமைச்சகம். என்னென்ன ஆய்வு செய்ய வேண்டும் என்று அங்குள்ள நிபுணர் குழு முதலில் ஒரு பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலை வைத்து, சாலை போடுகிறவர் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆலோசனை நிறுவனம் வரைவு அறிக்கை தயாரிக்கும். அதைத்தான் பஞ்சாயத்து அலுவலகத்தில் பார்த்திருக்கிறீர்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு மாவட்டத்திலும் கூட்டம் நடத்தும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். அங்கே பேசியதற்கெல்லாம் பதில் சேர்த்து இறுதி அறிக்கை டெல்லிக்குப் போகும்.

இதில் நம் ஆட்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. அந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. ஆயிரம் பேர் எழுந்து வேண்டாம் என்று சொன்னாலும் திட்டம் அங்கேயே விழுந்துவிடாது. பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றாலும் கூட்டம் செல்லும், ஏனென்றால் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் விதியில் இல்லை. மேடையில் இருப்பவர்களுக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ முடிவு சொல்லும் அதிகாரமும் கிடையாது. அவர்கள் பதிவு செய்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். எனவே அங்கே கோஷத்தைவிட, பதில் எழுதியே ஆக வேண்டிய கேள்விக்குத்தான் எடை அதிகம்.

"அறிக்கை முடிவதற்கு முன்பே எப்படிக் கல் நடலாம், இது சட்டவிரோதம் இல்லையா" என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கோபம், ஆனால் அதை வைத்து வழக்குப் போட்டால் நிற்காது. சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை வழக்கில் இது தீர்ந்துபோன விஷயம். 2018இல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. 277.3 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்கள். போலீஸ் காவலோடு கல் நட்டதும், நட்ட கல்லை ஜனங்கள் பிடுங்கிப் போட்டதும் உங்களுக்கே நினைவிருக்கும். 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதியை முதலில் வாங்கிவிட்டு நிலத்துக்கு வா என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மேல்முறையீட்டில் 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நிலம் எடுக்கப் போகிறோம் என்று தெரிவிக்கும் 3ஏ அறிவிக்கைக்கு முன்னால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, வேலையைத் தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்று சொல்லிவிட்டது. எடுத்து முடிக்காத நிலத்துக்கு வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. எட்டு வழிச்சாலை பிறகு அரசியலில் மாட்டிக் கிடப்பில் போனது வேறு கதை. உங்கள் ஊருக்கு அந்தத் தீர்ப்பின் பொருள் இதுதான்: தடம் எது என்பதை முடிவு செய்து, கல்லும் நட்டு, சர்வே எண்களையும் அறிவித்த பிறகுதான் மதிப்பீடு உங்கள் கைக்கு வருகிறது. இந்தச் சாலை வேண்டுமா என்று கேட்கும் கட்டம் போய், எப்படிக் கட்டுவது என்று கேட்கும் கட்டத்தில் நிற்கிறீர்கள்.

இன்னொன்று. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசிவிட்டால் நிலமெடுப்புக்கு ஆட்சேபணை தெரிவித்ததாக ஆகிவிடாது. அதற்கு 1956ஆம் வருட தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. 3ஏ அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள், நிலமெடுப்பு அதிகாரிக்கு, எழுத்துமூலமாகக் கொடுக்க வேண்டும். மைக்கில் அருமையாகப் பேசிவிட்டு இந்த 21 நாளைக் கோட்டைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய பேர்.

அறிக்கையின் பெயரில் 'சமூகத் தாக்கம்' என்று இருக்கிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013ஆம் வருட நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயம் ஆக்கியது. ஊரில் கூட்டம் போட்டு, தனிக் குழு ஆராய்ந்து, இந்தத் திட்டத்துக்கு இவ்வளவு நிலம் தேவையா, வேறு இடமே இல்லையா என்று கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு விலக்கு. 2015இல் ஓர் ஆணை மூலம் இழப்பீடு, மறுவாழ்வு ஆகிய இரண்டையும் நெடுஞ்சாலைக்கும் நீட்டித்தார்கள். சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது. ஆக, உங்கள் கையில் இருக்கும் அறிக்கையின் சமூக அத்தியாயம் அந்தச் சட்டம் கேட்கிற ஆய்வு இல்லை. சுற்றுச்சூழல் அறிக்கைக்குள் ஓரமாக இடம் கொடுத்து உட்கார வைத்த ஒன்று. பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் புள்ளிவிவரம் நாலு பக்கம், ஊர்க்காரர்களோடு நிற்கும் போட்டோ இரண்டு, அதோடு முடிந்துவிடும்.

சரி, எங்கே பார்ப்பது? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

வந்தவாசி, செய்யாறு, போளூர் பக்கமெல்லாம் ஏரிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சங்கிலி போல இருக்கும். மேல் ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் இருக்கும் வாய்க்கால் சில இடத்தில் இரண்டடி அகலம்கூட இருக்காது, வெயில் காலத்தில் பார்த்தால் வண்டிப்பாதை மாதிரி தெரியும். ஆலோசனை நிறுவனம் அடிப்படையாக எடுத்துக்கொள்வது 1:50,000 அளவிலான வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும்தான். அந்த அளவில் உங்கள் வரத்துக்கால் ஒரு தலைமுடி தடிமன்கூட இருக்காது. உங்கள் வி.ஏ.ஓ.விடம் இருக்கும் புலப்படத்தில் அது சர்வே எண்ணோடு, 'வாய்க்கால் புறம்போக்கு' என்று தெளிவாக இருக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் எல்லைக்குள் எத்தனை வாய்க்கால் தடத்தை வெட்டுகிறது, அறிக்கையின் சிறுபாலப் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். என் அனுபவத்தில் இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனது அபூர்வம்.

ஒரு முறை பங்குனி மாதத்தில் ஓர் ஊரில் அளந்துகொண்டிருந்தோம். எங்கள் படிவத்தில் அந்த இடத்துக்கு 'பருவகால ஓடை, உலர்ந்தது' என்று எழுதினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பக்கத்துப் பனைமரத்தடிக்குப் போய், தன் மார்பு உயரத்தில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். 2005 ஐப்பசியில் தண்ணீர் அங்கே நின்றதாம். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன், அச்சில் வரவில்லை.

இது தனிமனிதச் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் எடுத்த தகவல் போதும் என்று விதியே சொல்கிறது. காற்றுக்கு அது சரி, மழையில் தூசி அடங்கிவிடும், உண்மையான அளவு தெரியாது. தண்ணீருக்கு அப்படியா? நம் வட மாவட்டங்களில் வரும் மழையில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவது. மழைமானிப் பதிவேட்டை வைத்துச் சிறுபாலத்தின் அகலத்தைக் கணக்குப் போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு, எந்த ஊர் மழைமானியை வைத்து, மேல் ஏரி உடைந்தால் வரும் தண்ணீரைச் சேர்த்தா சேர்க்காமலா என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சாலை என்பது எதிரே நிற்கும் தண்ணீருக்கு ஒரு கரை, வேறொன்றும் இல்லை. சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையைப் பாருங்கள். பெருங்குடி, துரைப்பாக்கம் என்று வரிசையாகச் சுங்கம் வசூலித்த சாலை. 2021 ஆகஸ்ட் இறுதியில் நான்கு சாவடிகளையும் 2023 அக்டோபரில் நாவலூர் சாவடியையும் மூடினார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் அந்தச் சாலைக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய் கிழக்கே. தென்சென்னையின் ஏரிகள் அத்தனையும் வழிந்து சதுப்பில் சேரும் தண்ணீர் சாலையைக் கடந்து கால்வாய்க்குப் போக ஒக்கியம் மடுவுதான் முக்கிய வாசல். மழை வலுத்தால் அந்த ஒரு வாசலில் எவ்வளவு போகும் என்பதுதான் வேளச்சேரிக்காரரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

பெங்களூரு–மைசூரு சாலையில் நடந்தது இதைவிடச் சுவாரசியம். 2023 மார்ச் 12இல் பிரதமர் திறந்து வைத்தார். ஒரு வாரத்துக்குள் ராமநகரம் அருகே மழையில் தண்ணீர் தேங்கி வண்டிகள் மாட்டின. நெடுஞ்சாலை ஆணையம் கொடுத்த விளக்கம்: பக்கத்துக் கிராமத்தார் ஊரிலிருந்து சாலைக்கு வர வடிகாலில் மண்ணைக் கொட்டிக் குறுக்கு வழி போட்டுக்கொண்டார்கள், அதனால் அடைத்துக்கொண்டது. உண்மையாகவே இருக்கட்டும். அப்படியென்றால் அந்த இடத்தில் ஒரு வழி தேவைப்பட்டது என்றுதானே அர்த்தம்? அறிக்கையில் வடிகால் ஒரு அத்தியாயம், வழி வேறொரு அத்தியாயம். களத்தில் இரண்டும் ஒரே மூன்று மீட்டரில் மோதிக்கொண்டன.

தண்ணீருக்கு அடுத்து மண். இதை யாரும் கேட்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏரிப் பாசனப் பகுதியில் சாலையைத் தரைமட்டத்தில் போட முடியாது, மேடு கட்டித்தான் போட வேண்டும். ஒரு தோராயக் கணக்கு: மேல் அகலம் 35 மீட்டர், உயரம் 4 மீட்டர், இரண்டு பக்கமும் சரிவு. சராசரி அகலம் 43 மீட்டர் வரும். ஒரு கிலோமீட்டருக்கு 1,72,000 கன மீட்டர் மண். ஆறு யூனிட் டிப்பர் ஒன்றில் சுமார் 17 கன மீட்டர் போகும். ஆக, கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் லோடு. இந்த மண்ணை இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தால் 21 ஏக்கர் குழியாகும். சாலைக்கு 70 மீட்டர் அகலத்தில் நிலம் எடுத்தால் கிலோமீட்டருக்குப் போவது 17 ஏக்கர் சொச்சம்தான். மண் கொடுக்கும் நிலம் சாலை படுக்கும் நிலத்தைவிடப் பெரிது.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? அறிக்கையில் "அருகிலுள்ள மண் குவாரிகளிலிருந்து ஒப்பந்ததாரர் உரிய அனுமதியுடன் பெற்றுக்கொள்வார்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் விரல் வையுங்கள். 2020 மார்ச்சில் சாலை, குழாய் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதற்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று அமைச்சகம் விலக்குக் கொடுத்திருந்தது. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஆகவே எந்தச் சர்வே எண், எவ்வளவு ஆழம், எந்த வழியாக டிப்பர் வரும், அந்த வழியில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தூர்வாருகிறோம் என்ற பெயரில் உங்கள் ஏரியையே ஆழமாகத் தோண்டிவிட்டால் மதகுக்குக் கீழே தண்ணீர் நிற்கும், வயலுக்கு ஏறாது. அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் சாலைக்குச் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று தனி விதியே இருக்கிறது. எவ்வளவு சாம்பல், எவ்வளவு மண் என்ற பிரிவினையையும் கேளுங்கள்.

இப்போது மனிதர்களுக்கு வருவோம். சுங்கச்சாலை என்றால் வேலி. விரைவுச்சாலையாக இருந்தால் குறிப்பிட்ட இடங்களைத் தவிர ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பெங்களூரு–மைசூரு சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் டூவீலர், ஆட்டோ, டிராக்டர் எதற்கும் அனுமதி இல்லை. உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் கார் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மற்றவர்களுக்கு அந்தச் சாலை போக்குவரத்து வசதி இல்லை, சுற்றிக்கொண்டு போக வேண்டிய ஒரு சுவர்.

எவ்வளவு சுற்று? வீட்டிலிருந்து வயல் இப்போது 300 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவே சாலை வருகிறது, சுரங்கப்பாதை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. அங்கே போய், கடந்து, மறுபக்கமாக வயலுக்கு வந்து சேர 3.3 கிலோமீட்டர். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று போய்வந்தால் தினமும் கூடுதலாக 12 கிலோமீட்டர். மாடு வயலில் கட்டியிருக்கும் பெண்ணுக்கு இது பால் சொசைட்டி நேரத்தைத் தவறவிடும் விஷயம். நாங்கள் கொண்டுபோன கேள்வித்தாளில் வீட்டின் கூரை என்ன வகை, கழிப்பறை உண்டா, மாத வருமானம் எவ்வளவு என்றெல்லாம் இருந்தது. வீட்டிலிருந்து வயலுக்கு எப்படிப் போகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. ஒரு அம்மாள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இதெல்லாம் கேக்குறீங்களே, நாளைக்கு நான் எந்தப் பக்கமாப் போறதுன்னு ஒருத்தரும் கேக்கலையேப்பா" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சுரங்கப்பாதைப் பட்டியலில் எண்ணிக்கையோடு உயரத்தையும் பாருங்கள். ஆள், ஆடுமாட்டுக்கு மட்டும் என்றால் 3 மீட்டர்தான் இருக்கும். சிறு வண்டிக்கு 4, பெரிய வண்டிக்கு 5.5. வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர், கரும்பு லோடு, கதிரடிக்கும் மெஷின், கோயில் தேர், இவையெல்லாம் எதில் நுழையும் என்று யோசியுங்கள். சாமி ஊர்வலப் பாதையையும் சுடுகாட்டுப் பாதையையும் மறக்காமல் குறியுங்கள். தரை மட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்து உயரத்தைக் கொண்டுவருகிறார்களா என்றும் கேளுங்கள். அப்படிச் செய்த சுரங்கப்பாதைகள் கார்த்திகை மாதத்தில் என்ன ஆகும் என்பது நெடுஞ்சாலை ஓரத்து ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் தெரியும். மீன் பிடிக்கலாம்.

சுங்கம் என்பதால் வரும் ஒரு தனிப் பாதிப்பு இருக்கிறது. சாவடியைத் தவிர்க்க லாரிகள் பக்கத்து ஊர்ச் சாலைக்குள் புகும். திட்டத்தின் நிதிக் கணக்கில் இதை மிகக் கவனமாக மதிப்பிடுகிறார்கள், ஏனென்றால் அது வசூல் இழப்பு. எந்தச் சாலை வழியாக எத்தனை வண்டி நழுவும் என்ற எண் போக்குவரத்து ஆய்வில் கட்டாயம் இருக்கும். அதே எண் சுற்றுச்சூழல் அறிக்கைக்குள் வருவதில்லை. நழுவுகிற லாரி ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வாசல் வழியாகப் போகிறது என்பது அங்கே கணக்கில் இல்லை. அந்தப் போக்குவரத்து ஆய்வை இணைப்பாகக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்விக்கு மேடையில் இருப்பவர்கள் தயாராக வந்து நான் பார்த்ததில்லை.

உள்ளூர்க்காரருக்குச் சலுகை உண்டு என்று கூட்டத்தில் சொல்வார்கள். 2008 சுங்கக் கட்டண விதியில், சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் சொந்த உபயோக வாகனத்துக்கு மாதாந்தர அட்டை இருப்பது உண்மை. சர்வீஸ் ரோடோ மாற்றுச் சாலையோ இருந்தால் அந்த அட்டை கிடையாது என்ற வரியும் அதே விதியில்தான் இருக்கிறது. எனவே சர்வீஸ் ரோடு இருக்கிறதா, அது உங்கள் ஊரில் தொடங்கிப் பக்கத்து ஊரில் முட்டி நின்றுவிடுகிறதா, இடையில் ஓடை வரும் இடத்தில் அதற்கும் பாலம் உண்டா என்பதை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். பிரதான சாலைக்குப் பாலம் போட்டு, சர்வீஸ் ரோட்டை ஓடைக்கரையிலேயே நிறுத்திய இடங்கள் உண்டு.

இழப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயர் தானாக அறிவிக்கையில் வரும். குத்தகைக்கு உழுபவர், வாரத்துக்குப் பயிரிடுபவர், அந்த நிலத்தில் மூன்று வருடத்துக்கு மேலாகக் கூலி வேலை பார்த்து அதையே நம்பி இருப்பவர் ஆகியோரும் 2013 சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆகவே எந்த அறிக்கையிலும் இல்லை. ஊர்ச் சபையில் ஒரு பட்டியல் போட்டுத் தீர்மானமாக நிறைவேற்றி வையுங்கள். பிறகு 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது. பாதி வெட்டுப்பட்டு ஓரமாக முக்கோணத் துண்டாய் மிஞ்சும் நிலங்களின் கணக்கையும் அதோடு சேருங்கள். கிணறு ஒரு பக்கம், வயல் மறுபக்கம் என்று பிரிந்துபோனால் பைப்பை எப்படிக் கொண்டுபோவது என்று இப்போதே கேட்டால் சாலைக்கடியில் ஒரு குழாய் வைத்துக் கட்டுவார்கள். பிறகு கேட்டால் சாலையை வெட்ட அனுமதி கிடைக்காது.

காற்று, ஒலி, மரம் மூன்றுக்கும்தான் அறிக்கையில் அதிகப் பக்கங்கள். இவற்றை அளக்கக் கருவி இருப்பதும் காரணம். விரைவாகப் புரட்டிவிடலாம். குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. பள்ளி, ஆஸ்பத்திரி இருந்தால் அவை அமைதிப் பகுதி, அங்கே ஐந்து டெசிபல் குறைவு. உங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மரத்தில், வெட்டுகிற எண்ணிக்கைக்குப் பத்து மடங்கு நடுவோம் என்பார்கள். ஊர் நடுவில் நிற்கும் புளியமரத்துக்குப் பதிலாகப் பத்துப் பூவரசங்கன்றைச் சென்டர் மீடியனில் நட்டால் நிழல் யாருக்கு என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், சிரித்தார்கள்.

மாற்று வழிகள் அத்தியாயத்தைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் முக்கியம். மூன்று தடங்களை வரைந்து, மதிப்பெண் போட்டு, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்ததாக எழுதுவது வழக்கம். மற்ற இரண்டும் வேண்டுமென்றே தோற்பதற்காக வரைந்த கோடுகளாக இருப்பது உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது, இருக்கிற சாலையை அகலப்படுத்துவது அந்த மூன்றில் ஒன்றாக இருக்கிறதா என்பதை. சென்னையிலிருந்து சேலத்துக்குக் கிருஷ்ணகிரி வழியாகவும் உளுந்தூர்பேட்டை வழியாகவும் ஏற்கெனவே இரண்டு நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. அவை போதாதா என்பதுதான் எட்டு வழிச்சாலை எதிர்ப்பின் மையக் கேள்வி. அந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் கிடைத்திருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் ஊர் அளவில் வேறொரு கேள்வி சாத்தியம்: ஏரியின் இந்தப் பக்கம் போகும் தடத்தை 400 மீட்டர் நகர்த்தி மேட்டு நிலத்தில் கொண்டுபோனால் என்ன? முழுச் சாலையையும் எதிர்க்கும் ஊரைவிட, இப்படி ஒரு கோட்டை வரைந்து கொடுத்த ஊர்களுக்கு வெற்றி கிடைத்ததை அதிகம் பார்த்திருக்கிறேன். இது எல்லோருக்கும் பிடிக்காத கருத்து என்று தெரியும். கோடு நகர்ந்தால் வேறு ஒருவர் நிலத்தில்தான் விழும், அந்தச் சங்கடத்தையும் மறைக்க விரும்பவில்லை.

கூட்டத்தன்று: ஆளுக்கு ஒரு கேள்வி, ஒவ்வொன்றும் சர்வே எண்ணோடு, எழுத்தில், இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைச் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் பேச்சாகவே அதைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. முடிவில் எழுப்பப்பட்ட பிரச்சினைகளின் பட்டியலை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். சாப்பாட்டு நேரம் என்று பாதிப் பேர் கிளம்பிவிடும் கட்டம் அதுதான். நீங்கள் கிளம்பாதீர்கள். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் எழுந்து சொல்லுங்கள்.

பிறகு சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான ஒன்றிய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இந்தத் திட்டத்தின் பக்கத்தை வாரம் ஒருமுறை பார்க்க ஊரில் ஒரு பையனையோ பெண்ணையோ ஏற்பாடு செய்யுங்கள். இறுதி அறிக்கை, நிபுணர் குழுக் கூட்டக் குறிப்பு, அனுமதிக் கடிதம் எல்லாம் அங்கேதான் வரும். அனுமதி வந்துவிட்டால் அதை எதிர்த்துத் தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள் அவகாசம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் தரலாம், அதற்குமேல் ஒரு நாள்கூடத் தர முடியாது. அனுமதி வெளியான தேதியை அன்றே காலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.